ரோஜா வயலும் மலை உச்சி மாளிகையும்: பல்கேரியாவில் ஒரு பகல்



மகளைப் பார்க்கப் பல்கேரியா போய்வந்ததிலிருந்து லிஃப்டில் எதிர்ப்படுகிற எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "அங்கே பார்க்க என்ன சார் இருக்கு?" லிஃப்ட் நாலாவது மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. அதனால் நம் காலாண்டிதழில் எழுதிவிடுகிறேன். நான் சரித்திரம் படித்தவன் இல்லை. பி.காம். முடித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகவே காலம் தள்ளியவன். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, கையெழுத்துப் போட்டது யார் என்று பார்த்துப் பழகிய கண். அந்தக் கண்ணுக்குப் பட்டதைத்தான் எழுதுகிறேன்.

நானும் என் மனைவியும் போனது ஒரு நாள் சுற்றுலா. காலையில் ரோஜா வயல். மதியத்துக்கு மேல் கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் மலை உச்சியில் கட்டிய ஒரு மாளிகை. இரண்டும் ஒரே வழியில் இருப்பதால் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள், வேறு சம்பந்தம் ஒன்றும் இருக்காது என்றுதான் வேனில் ஏறும்போது நினைத்தேன். இறங்கும்போது அப்படி நினைக்கவில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கொப்பரைகளின் ஊர்

மகள் குடும்பம் இருப்பது பிளோவ்டிவ் நகரத்தில். விடியற்காலை ஐந்து மணிக்கு வேன் வந்துவிட்டது. எங்களோடு சேர்த்து எட்டுப் பேர். வழிகாட்டியாக வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. ஆங்கிலத்தை நிறுத்தி நிதானமாகப் பேசினார். வடக்கே இரண்டு மணி நேரத்துக்குள் கசன்லக் என்ற ஊர் வந்தது.

இந்த ஊர் இருக்கும் இடத்தைக் கொஞ்சம் மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். வடக்கே ஸ்டாரா பிளானினா என்கிற நீண்ட மலைத்தொடர். பால்கன் மலை என்று உலகம் சொல்வது இதைத்தான். அந்தத் தீபகற்பத்துக்கே பெயர் கொடுத்த மலை. தெற்கே ஸ்ரெட்னா கோரா என்ற குட்டையான மலைத்தொடர். நடுவில் பள்ளத்தாக்கு. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றைப் பெரிய மலை தடுத்துவிடுகிறது. மே மாதத்தில் மிதமான வெயில், நிறையப் பனி, ஈரமான காற்று. ரோஜாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பல்கேரியா ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள், 1878 வரை, ஒட்டோமான் துருக்கியர் ஆட்சியில் இருந்தது. அந்தக் காலத்தில் கிழக்கிலிருந்து வந்து வேரூன்றியது டமாஸ்க் ரோஜா. நம் பூக்கடையில் தொங்குகிற மாதிரி பெரிய பூ இல்லை. இளஞ்சிவப்பு, உள்ளங்கையில் அடங்குகிற அளவு, சுமார் முப்பது இதழ். பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும், முகர்ந்தால் இருக்காது. துருக்கி மொழியில் 'கசான்' என்றால் கொப்பரை. ரோஜாவைக் காய்ச்சி வடிக்கும் செப்புக் கொப்பரைகளால்தான் கசன்லக் என்ற பெயர் வந்தது என்று ஊரில் சொல்கிறார்கள்.

பறிப்பு மே நடுவில் தொடங்கி ஜூன் நடுவுக்குள் முடிந்துவிடும். அதுவும் விடிந்ததிலிருந்து காலை ஒன்பது, பத்து மணிவரைதான். வெயில் ஏறினால் பூவிலுள்ள எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். பனி காயுமுன் பறித்து, அன்றைக்கே கொப்பரைக்கு அனுப்பிவிட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே இதில் கிடையாது.

சுற்றுலாக்காரர்களுக்கு ஆளுக்கொரு கூடையைக் கொடுத்து வரிசையில் விட்டார்கள். வயலில் வேலை செய்த பெண்களில் பலர் ரோமா சமூகத்தவர். துருக்கி மொழி பேசுவோரும் இருந்தார்கள். கிலோ கணக்கில் கூலி. அவர்களில் ஒரு பாட்டி, பூவுக்குக் கீழே இரண்டு விரலைக் கொடுத்துப் பட்டென்று ஒடிப்பதைக் காட்டினார். என் மனைவி நிலக்கோட்டைப் பக்கம் பூ விளைகிற ஊரில் பிறந்தவள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகுமுன் மல்லிகை மொட்டுப் பறித்த கை. "ஏங்க, அங்கே மொட்டு விரியறதுக்குள்ள பறிக்கணும். இங்கே விரிஞ்ச உடனே பறிக்கணும். அவ்வளவுதான் வித்தியாசம்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள். அரை மணியில் அவள் கூடையில் ஒன்றேகால் கிலோ, என் கூடையில் முந்நூறு கிராம். எடை போட்ட பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஒரு கிலோ எண்ணெய்க்கு எத்தனை பூ?

கணக்குப் புத்தி சும்மா இருக்குமா? விசாரித்தேன். ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்க 3,000 முதல் 4,000 கிலோ வரை பூ வேண்டும். ஒரு பூ இரண்டு, மூன்று கிராம்தான். போட்டுப் பாருங்கள், ஒரு கிலோ எண்ணெய்க்குப் பத்து லட்சம் பூவுக்கு மேல் ஆகிறது. ஒவ்வொன்றையும் ஒரு மனிதக் கை ஒடித்திருக்க வேண்டும். நானும் மனைவியும் சேர்ந்து பறித்ததிலிருந்து சுமார் அரை கிராம் எண்ணெய்தான் கிடைத்திருக்கும். பத்துப் பதினைந்து சொட்டு வந்தால் அதிகம்.

வடிக்கும் முறை எளிமையானது. கொப்பரையில் பூவும் தண்ணீரும் போட்டுக் காய்ச்சுகிறார்கள். நீராவி குழாய் வழியாகப் போய்க் குளிர்ந்து பன்னீராக வடிகிறது. அந்தப் பன்னீரை மறுபடி காய்ச்சி வடிக்கிறார்கள். இரண்டாம் முறை வருவதில்தான் மேலே மெல்லிய படலமாக எண்ணெய் மிதக்கும். அதை வழித்து எடுத்து உலோகக் குப்பியில் அடைப்பார்கள். 'கொன்கும்' என்று அதற்குப் பெயர். கசன்லக் ரோஜா அருங்காட்சியகத்தில் பல வருடமாக எண்ணெய் ஊற்றாத ஒரு பழைய பாத்திரத்தைத் திறந்து காட்டினார்கள். வாசனை இன்னும் இருக்கிறது.

இவ்வளவு விலையுள்ள பொருள் என்றால் கலப்படம் இருக்குமே என்று நீங்கள் நினைப்பீர்கள். இருந்தது. எனக்கு ஆச்சரியம், அதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு இருந்ததுதான். மத்திய இந்தியாவிலும் காந்தேஷ் பகுதியிலும் ரோஷா என்ற ஒரு புல் விளைகிறது. அதிலிருந்து எடுக்கும் பால்மரோசா எண்ணெய்க்கு ரோஜாவை நினைவூட்டும் வாசனை. 19ஆம் நூற்றாண்டில் அது பம்பாயிலிருந்து கப்பலேறி, செங்கடல் வழியாக இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தது. ஐரோப்பியச் சந்தையில் அதற்கு வைத்த பெயர் 'துருக்கி ஜெரேனியம் எண்ணெய்'. ஊர் இந்தியா, பெயர் துருக்கி, கலந்தது பல்கேரிய ரோஜாவில்! வடித்த எண்ணெயில் கலந்தவர்களும் உண்டு. காய்ச்சுமுன் பூவின் மேலேயே தெளித்தவர்களும் உண்டு.

கலப்படத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை வைத்திருந்தார்கள். சுத்தமான ரோஜா எண்ணெய், அறை சற்றுக் குளிர்ந்தாலே நெய் மாதிரி உறைய ஆரம்பிக்கும். அதில் இயற்கையாகவே மெழுகு உண்டு. புல் எண்ணெய் கலந்தால் உறைவது தாமதமாகும். இதைத் தெரிந்துகொண்ட கெட்டிக்காரர்கள், கலப்படத்தோடு திமிங்கில மெழுகையும் சேர்த்து உறையவைத்தார்கள். ஒரு சோதனை வந்தால் அதை ஏய்க்க ஒரு வழியும் கூடவே வந்துவிடுகிறது. வங்கியில் இருந்தவர்களுக்கு இது புதிய செய்தியா என்ன?

எண்ணெயின் பெயரைக் காப்பாற்ற எடுத்த முயற்சிகளுக்கு நூறு வருடத்துக்கு மேல் வயது. 2014இல் 'பல்கேரிய ரோஜா எண்ணெய்' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. நம் மதுரை மல்லிக்குக் கிடைத்தது போல.

யாருடைய வயல்?

இனி கொஞ்சம் அரசியல் வரலாறு. இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரத்தில், 1944 செப்டம்பரில், பல்கேரியாவில் ஆட்சி மாறியது; சில ஆண்டுகளில் எல்லாம் கம்யூனிஸ்ட் கட்சியின் கைக்குள் வந்தது. 1947 கடைசியில் தொழிற்சாலைகள் நாட்டுடைமையாயின. தலைமுறை தலைமுறையாக ரோஜா எண்ணெய் வியாபாரம் செய்த குடும்பங்களின் கொப்பரைகளும் போயின. 1950களின் இறுதிக்குள் நாட்டின் நிலம் அநேகமாக எல்லாம் கூட்டுப்பண்ணைக்குள் வந்துவிட்டது.

"அப்போது ரோஜா செத்துப்போயிற்றா?" என்று கேட்டேன். வழிகாட்டி அம்மா தலையை ஆட்டினார். (ஒரு எச்சரிக்கை: அந்த ஊரில் 'ஆமாம்' என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள். நம்மவர்களுக்கு மட்டும்தான் இது குழப்பாது.) பிறகு வாய்விட்டே சொன்னார்: "இல்லை. அரசுக்கு அந்நியச் செலாவணி வேண்டும். அதனால் ரோஜாவைப் பார்த்துக்கொண்டார்கள். செத்துப்போகப் பார்த்தது அதற்கு அப்புறம்."

1989 நவம்பர் 10 அன்று, முப்பத்தைந்து ஆண்டுகள் கட்சித் தலைமையில் இருந்த தோதோர் ஷிவ்கோவ் பதவி இழந்தார். 1991இல் சட்டம் போட்டு நிலத்தைப் பழைய உரிமையாளர்களுக்கே திருப்பித் தர ஆரம்பித்தார்கள். நியாயமான காரியம். ஆனால் பழைய உரிமையாளர்களில் பலர் இறந்துபோயிருந்தார்கள். வாரிசுகள் நகரங்களில் இருந்தார்கள். ஒரே வயல் பல துண்டானது. ரோஜாச் செடி நட்ட மூன்றாவது வருடத்திலிருந்துதான் நன்றாகப் பலன் கொடுக்கும். அதுவரை களையெடுக்க வேண்டும், கவாத்துச் செய்ய வேண்டும். சோபியாவில் அடுக்குமாடியில் இருக்கும் பேரனுக்கு அரை ஏக்கர் ரோஜாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. கவனிக்க ஆளில்லாமல் காடானவை பல. பிடுங்கி எறிந்துவிட்டு வேறு பயிர் வைத்தவர்கள் பலர்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சிலர் நிலத்தைச் சேர்த்து வாங்கி, குத்தகைக்கு எடுத்து, மறுபடி நட்டார்கள். சிறு வடிசாலைகள் திரும்ப வந்தன. இதெல்லாம் முடிந்ததற்கு முக்கியமான காரணம், பூவை எப்படி ஒடிப்பது, கொப்பரையை எப்போது இறக்குவது என்று தெரிந்த கைகள் ஊரில் மிச்சம் இருந்ததுதான். ஆட்சி நடுவில் இரண்டு தடவை மாறியும், பாட்டியின் விரல் மறக்கவில்லை. கசன்லக்கில் ரோஜா விழாவை 1903இல் தொடங்கினார்கள். இன்றும் ஜூன் முதல் வாரக் கடைசியில் ஊர் திரண்டு நடத்துகிறது.

மலை மேல் இரண்டு தாம்பாளம்

சாப்பாட்டுக்குப் பிறகு வேன் மலையேறியது. கிரான் என்ற ஊரிலிருந்து 16 கிலோமீட்டர் வளைவுப் பாதை. ஓரிடத்தில் தீப்பந்தத்தை ஏந்திய பிரம்மாண்டமான கைகளின் சிற்பம். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் உச்சியில் அந்த மாளிகை தெரிகிறது. எல்லோரும் 'பறக்கும் தட்டு' என்கிறார்கள். என் மனைவி, "ஒண்ணு மேல ஒண்ணு கவுத்த ரெண்டு தாம்பாளம் மாதிரி இருக்கு" என்றாள். அதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. பக்கத்திலேயே கொடிமரம் மாதிரி 70 மீட்டர் உயரக் கோபுரம்.

அந்த உச்சிக்குப் புஸ்லுஜா என்று பெயர். துருக்கி மொழியில் பனிக்கட்டி நிறைந்த இடம் என்று பொருள். 1868இல் ஹாஜி திமீதர் என்ற விடுதலை வீரர் ஒட்டோமான் படையோடு கடைசியாகப் போரிட்டது இங்கே. 1891இல் அவருடைய நினைவு நாளைச் சாக்காக வைத்துத் திமீதர் பிளகோயெவ் என்பவரும் தோழர்களும் இந்த மலையில் ரகசியமாகக் கூடி ஒரு சமூக ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார்கள். பின்னாளில் கம்யூனிஸ்ட் கட்சியாக வளர்ந்தது அதுதான். ஆகவே, கட்சிக்கு இது பிறந்த இடம்.

அதற்கு நினைவு மாளிகை கட்டும் வேலை 1974 ஜனவரியில் தொடங்கியது. கட்டடக் கலைஞர் கெயோர்கி ஸ்தோய்லோவ். சோபியாவின் மேயராகவும் இருந்தவர். முதலில் மலை உச்சியை வெடிவைத்துத் தட்டையாக்கினார்கள். மலையே ஒன்பது மீட்டர் குள்ளமாகிவிட்டது. ராணுவக் கட்டுமானப் படையினர், கைவினைஞர், தொண்டர் என 6,000 பேருக்கு மேல் உழைத்தார்கள். வட்ட மண்டபத்தின் வெளி விட்டம் சுமார் 60 மீட்டர். உள்ளே 60க்கு மேற்பட்ட கலைஞர்கள் 900 சதுர மீட்டருக்கு மேல் மொசைக் ஓவியம் செய்தார்கள். மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின் ஒரு பக்கம். உள்ளூர்த் தலைவர்கள் இன்னொரு பக்கம். கூரை நடுவில் அரிவாள் சுத்தியல். கோபுரத்தில் இரண்டு பக்கமும் செந்நிறக் கண்ணாடியில் 12 மீட்டர் நட்சத்திரம். 1981 ஆகஸ்ட் 23இல் ஷிவ்கோவ் திறந்து வைத்தார். பல்கேரிய நாடு தோன்றி 1,300 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடிய வருடம் அது.

செலவு சுமார் 1 கோடியே 42 லட்சம் லெவா. லெவா அந்த நாட்டின் அன்றைய பணம். இது அரசு கஜானாவிலிருந்து எடுத்ததில்லை, மக்கள் விரும்பிக் கொடுத்த நன்கொடை என்று அறிவித்தார்கள். அன்றைய மக்கள்தொகை 90 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. வகுத்துப் பார்த்தேன். தலைக்கு ஒன்றரை லெவாவுக்குச் சற்று மேல் வருகிறது. பெரிய தொகையில்லை. ஆனால் 'விரும்பி' என்ற சொல்லில் என் பேனா நின்றுவிட்டது.

விரும்பிக் கொடுத்தது

வழிகாட்டி அம்மாவிடம் கேட்டேன். அவருடைய அப்பா தொழிற்சாலைத் தொழிலாளி. "சம்பளத்தில் பிடித்துக்கொண்டு, கையில் ஒரு முத்திரைச் சீட்டைக் கொடுத்தார்கள். வேண்டுமா வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை. அப்பா அதைப் பற்றி வீட்டில் பேசியதில்லை. அதை எடுத்தும் எறியவில்லை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து இதையும் சொன்னார்: "எட்டு வயதில் பள்ளியிலிருந்து எங்களை இங்கே கூட்டி வந்தார்கள். கழுத்தில் நீலத் துணி. உள்ளே நுழைந்ததும் தங்க நிறமாக மின்னியது. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதையும் நான் மறைக்கப் போவதில்லை."

அப்போது எனக்கு ஞாபகம் வந்தது ஒரு பழைய விஷயம். நண்பர்களே, இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு இயற்கைப் பேரிடர் நிதிக்கு ஊழியர் எல்லோரும் ஒரு நாள் சம்பளத்தை விரும்பிக் கொடுப்பதாக முடிவாயிற்று. கிளையில் கையெழுத்து வாங்கும் பொறுப்பு என்னுடையது. கூட்டிப் பெருக்குகிற தற்காலிக ஊழியர் ஒருவர் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், விரும்பினால்னு போட்டிருக்கே. நான் வேண்டாம்னு சொல்லலாமா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, வீட்டில் என்ன நிலைமையோ. "எல்லாரும் போட்டாச்சு. சும்மா போடுப்பா" என்று சொல்லிவிட்டேன். அவரும் போட்டுவிட்டார். நூற்றுக்கு நூறு என்று மேலதிகாரி என்னைப் பாராட்டினார். அந்தப் பணம் நல்ல காரியத்துக்குத்தான் போயிருக்கும். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் ஒன்று இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

கூரை போனால்

மாளிகை எட்டு வருடம்தான் இயங்கியது. 1989க்குப் பிறகு கட்சிச் சொத்து அரசுக்குப் போனது. 1990களில் காவலை எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் நடந்தது நம் குடியிருப்புவாசிகளுக்கு நன்றாகவே புரியும். முதலில் கூரையில் வேய்ந்திருந்த செப்புத் தகடுகளைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கூரை திறந்ததும் மழையும் பனியும் உள்ளே இறங்கின. விரிசலுக்குள் போன தண்ணீர் குளிர்காலத்தில் உறைந்து விரிந்தது, விரிசல் பெரிதாயிற்று. கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து உப்பி, மேல்பூச்சைத் தள்ளியது. மொசைக் துண்டு துண்டாக உதிர்ந்தது. நட்சத்திரத்தில் இருப்பது நிஜ மாணிக்கம் என்று நம்பி அதைச் சுட்டுப் பார்த்தவர்கள்கூட உண்டு என்றார் வழிகாட்டி. சுவரில் ஷிவ்கோவ் முகத்தை மட்டும் யாரோ செதுக்கி எடுத்துவிட்டார்கள்.

வாசலுக்கு மேலே பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் ஒருவர் எழுதிவைத்தார்: 'உன் கடந்த காலத்தை மற.' பின்னால் வேறொருவர் வந்து ஒரு சொல்லைச் சேர்த்தார்: 'ஒருபோதும் மறக்காதே' என்று பொருள் மாறிவிட்டது. இரண்டு படத்தையும் வழிகாட்டி தன் செல்போனில் காட்டினார். அந்த நாட்டு மக்களின் மனம் இந்த இரண்டு படத்துக்கும் நடுவில்தான் எங்கோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

ஒரு கேள்வியை நீங்களும் கேட்பீர்கள். ஒவ்வொருவரும் காசு கொடுத்துக் கட்டிய மாளிகையாயிற்றே, தகடு பெயர்த்தபோது ஒருவர்கூடத் தடுக்கவில்லையா? என் கணக்கு இதுதான். காசு எல்லோரிடமிருந்தும் வந்தது. சம்மதம் யாரிடமிருந்தும் வரவில்லை. கேட்காமல் பிடித்த பணத்தில் எழுந்த கட்டடம் தன்னுடையது என்று எவருக்கும் தோன்றவில்லை. கட்டியவர்களும் பிறகு யார் பராமரிப்பது என்பதற்குக் கட்சி என்றைக்கும் இருக்கும் என்ற ஒரு பதிலைத்தான் வைத்திருந்தார்கள். கட்சி இறங்கியதும் சாவி யாரிடம் என்றே தெரியாமல் போயிற்று. வயலுக்கும் இதே ஆபத்து வந்ததைப் பார்த்தோம். நிலம் தனியாருக்குத் திரும்பியபோது பலரும் தங்கள் துண்டைக் கவனிக்கவில்லை. சொத்து பொதுவா தனியாரா என்பதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. இது என் பொறுப்பு என்று விடியற்காலையில் எழுந்து வருகிற ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

புஸ்லுஜாவுக்கும் அப்படி ஓர் ஆள் வந்தார். டோரா இவானோவா என்ற இளம் கட்டடக் கலைஞர். மாணவியாக இருந்தபோதே இந்தக் கட்டடத்தை ஆராய ஆரம்பித்து, 2015இல் இதற்காகவே ஒரு அமைப்பைத் தொடங்கினார். புகழ்வதற்கும் வேண்டாம், இடிப்பதற்கும் வேண்டாம். நடந்ததை நடந்தபடி எல்லோரும் பார்க்கட்டும் என்பது அவர் நிலை. 2018இல் யூரோப்பா நோஸ்ட்ரா அமைப்பு ஐரோப்பாவில் அழியும் நிலையிலுள்ள ஏழு பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாக இதைச் சேர்த்தது. அந்த வருடத்திலிருந்து காவல் போட்டிருக்கிறார்கள். 2019இல் அமெரிக்காவின் கெட்டி அறக்கட்டளை பாதுகாப்புத் திட்டம் தயாரிக்க 1,85,000 டாலர் கொடுத்தது. 2020இல் மொசைக்குகள் மேலும் உதிராமல் வல்லுநர்கள் தற்காலிகமாகக் கட்டுப்படுத்தினார்கள்.

நாங்கள் உள்ளே போகவில்லை, கதவு அடைத்திருக்கிறது. சுற்றி வந்து பார்த்தோம். காற்று ஆளைத் தள்ளியது. கீழே பள்ளத்தாக்கில், காலையில் நாங்கள் நின்ற பக்கம், பச்சைக் கோடுகளாக வயல் தெரிந்தது. வழிகாட்டி அம்மா கட்டடத்தைப் பார்க்காமல் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்பா கொடுத்த காசு இங்கே எந்தக் கல்லில் இருக்கிறது என்று சின்ன வயதில் தேடுவேன்" என்றார்.

கடைசியாக, நம் வீட்டு விஷயம்

சி பிளாக் மொட்டை மாடி நீர்க்கசிவு வேலைக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கூடுதல் தொகை வசூலிப்பது பற்றிச் சுற்றறிக்கை வரப்போகிறது என்று உங்களுக்குத் தெரியும். சங்கத்தின் கணக்கைப் பார்த்துக்கொடுக்கிறவன் என்ற முறையில் அதைத் தட்டச்சு செய்தது நான்தான். ஊருக்குப் போகுமுன் எழுதிய அந்தப் படிவத்தின் கடைசி வரி இது: 'ஏழு நாட்களுக்குள் மறுப்பு வராவிட்டால் சம்மதமாகக் கருதப்படும்.'

அந்த வரியை எடுத்துவிட்டேன். செயலாளரிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். வசூல் தாமதமாகும் என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம். நியாயமான வருத்தம். கூரையில் இறங்குகிற தண்ணீர் நமக்காகக் காத்திருக்காது என்பதைப் புஸ்லுஜாவில் பார்த்துவிட்டு வந்த எனக்குத் தெரியாதா? இருந்தாலும் இப்போது படிவத்தில் 'சம்மதம்', 'சம்மதமில்லை' என்று இரண்டு கட்டம் இருக்கிறது. தயவுசெய்து இரண்டில் ஒன்றில் டிக் போட்டு, கையெழுத்தோடு சீக்கிரம் கொடுங்கள். 'சம்மதமில்லை' என்று போடுகிறவர்கள் தயங்க வேண்டாம். உங்கள் வீட்டுக்கு நானே வருகிறேன். வேலை என்ன, ஒப்பந்ததாரர் கேட்கும் தொகை என்ன, முடிந்தபிறகு வருடா வருடம் யார் மேலே ஏறிப் பார்ப்பது என்று உட்கார்ந்து பேசலாம்.

வரும்போது கசன்லக்கில் வாங்கிய ரோஜா ஜாமும் கொஞ்சம் கொண்டு வருகிறேன். இரண்டு பாட்டில் மிச்சம் இருக்கிறது. நம் ஊர் குல்கந்து அளவுக்கு இல்லை என்பது என் மனைவியின் தீர்ப்பு. நீங்களும் ருசித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர், சி பிளாக், நான்காவது மாடி